இருமல் டீச்சரும் வேன்காரரின் டப்பாவும்

எங்கள் லேபில் ஒரு நாளைக்கு அதிகமாகக் கேட்கும் வாக்கியம், "இது எச்சில், சளி இல்ல" என்பதுதான். சொல்கிறவர் சளியைச் சோதித்துப் பார்க்கிற எங்கள் டெக்னீஷியன் அக்கா. அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். அக்கா உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முகமூடியோடு பத்திரமாக நிற்பார். வெளியே ஜன்னலில் உட்கார்ந்து டப்பாவை வாங்கிப் பெயர் எழுதுகிறவள் நான். திருப்பிக் கொடுத்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் யாரை முறைப்பார்கள்? என்னைத்தான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினோரு வருடமாக இந்த ஜன்னலில் இருக்கிறேன், இன்னும் ஒருவரையும் அடிக்கவில்லை என்பதற்கே எனக்கு ஒரு மாலை போடலாம்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் வைத்த பெயர் இருமல் டீச்சர். காரணம் இருக்கிறது. காசநோய்க் கிருமி நெஞ்சின் அடியிலிருந்து வருகிற கெட்டிச் சளியில்தான் இருக்கும். வாயில் ஊறுகிற எச்சிலில் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் டப்பாவைக் கையில் கொடுத்து "சளி கொண்டாங்க" என்றால் பத்தில் ஆறு பேர் சுவர் ஓரமாகப் போய் "தூ" என்று துப்பிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மற்ற இடங்களில் அதையும் வாங்கிக்கொள்வார்கள் என்று கேள்வி. அக்கா வாங்கமாட்டார். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. அங்கே ஆளைக் கூட்டிக்கொண்டு போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் தள்ளி நின்றுகொண்டு, பாடத்தை ஆரம்பிப்பார்.

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. பிடிச்சுக்கங்க. விடுங்க. இன்னொரு தடவ. இப்ப அடி வயித்துலேர்ந்து இருமணும். தொண்டையில செருமுறீங்க பாருங்க, அது வேணாம். யாருக்குப் பயந்துக்கிட்டு இருமுறீங்க? உங்க நெஞ்சு, உங்க சளி, தைரியமா இருமுங்க!"

செய்தும் காட்டுவார். ஐந்தடி உயரம் கூட இல்லாத மனுஷி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு இருமல் இருமினால் மாடி ஜன்னல்களில் நர்சுகள் வந்து நின்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா அதையெல்லாம் சட்டையே செய்யமாட்டார். ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர், உத்தரவு போட்டே பழகியவர், "நான் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "தெரியாது சார். சளியப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா. அவரும் இடுப்பில் கை வைத்து இருமிவிட்டுத்தான் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவின் கணவர் சைக்கிள் பழுது பார்க்கிறவர். கீழே கடை, மேலே மூன்று அறை. நான் அங்கே போனால் முதலில் என் காதில் விழுவது அந்த மனிதரின் புலம்பல்தான். "இவ முன்னாடி நிம்மதியா ஒரு இருமல் இரும முடியலம்மா. இருமுனா டப்பா வந்துருது" என்பார். ஒரு நாள் நான் இருக்கும்போதே அக்காவின் மாமியாருக்குத் தொண்டையில் என்னவோ சிக்கி, பாவம், பின்பக்கம் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அடக்கி அடக்கி இருமினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்த, இது எத்தனாவது நாள்?"

"அடிப் போடி! தண்ணி புரை ஏறிடுச்சு. அதுக்கும் கணக்கா?"

கல்லூரியில் படிக்கும் மகள் தோழிகளைக் கூட்டிவருவதற்கு முன்னால், "எங்க அம்மா முன்னாடி மட்டும் இருமிடாதீங்கடி" என்று சொல்லித்தான் மாடி ஏற்றுவாளாம். பஸ்ஸில் போனாலும் அக்காவின் காது சும்மா இருக்காது. பின்சீட்டில் யாராவது இருமினால் எனக்கு முழங்கையால் ஒரு இடி விழும். "இது சாதா சளி" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பினால் அந்த ஆளின் நிறுத்தம் வருவதற்குள் எங்கள் லேப் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். நான் வெட்கத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, வேலையில் அக்கா நெருப்பு. சளியை மரக்குச்சியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் மெல்லத் தேய்த்துப் பரப்புவார். காயவைத்து, தீயில் காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி ஆவி பறக்கச் சூடாக்கி, பிறகு அமிலத்தால் கழுவுவார். மற்றதெல்லாம் வெளுத்துப்போகும். காசக் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் நீலச் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். ஒன்றும் தென்படவில்லை என்றால் நூறு இடம் பார்க்காமல் "இல்லை" என்று எழுதமாட்டார். தொண்ணூற்றெட்டோடு நான் டீக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

டப்பாவில் பெயர் எழுதுவதிலும் அதே பிடிவாதம். மூடியில் எழுதக்கூடாது, டப்பாவின் மேல்தான் எழுதவேண்டும். மூடி மாறிப்போகும், டப்பா மாறாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவசரத்தில் மூடியில் எழுதிவிட்டேன். அக்கா கத்தவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேர் மாறுனா ஒருத்தருக்குத் தப்பு இல்லம்மா, ரெண்டு பேருக்குத் தப்பு. நோய் இல்லாதவன் ஆறு மாசம் மாத்திரையா முழுங்குவான். நோய் இருக்கறவன் தனக்கு ஒண்ணும் இல்லன்னு வீட்ல உக்காந்து இருமிக்கிட்டே இருப்பான். அவன் செத்தா உன் பேனாதான் கொன்னுது."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மூடியில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

இப்படிப்பட்ட அக்காவின் கையிலேயே ஒரு தப்பான பெயர் வந்து உட்கார்ந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் ஒரு புதன்கிழமை வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல வாட்டசாட்டம், கன்னமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. மூன்று வாரமாக வறட்டு இருமலாம். வேனில் இருபது குழந்தைகள். பெற்றோர் யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடமோ, "நெஞ்சு நல்லா இருக்குன்னு ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டா. திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா வேற டிரைவர்" என்று சொல்லிவிட்டது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேவுக்கும் சளிக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் டப்பாவைக் கொடுத்தேன். கொண்டுவந்தார். எச்சில். அக்கா பின்பக்கம் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார். வேன்காரர் கண்ணெல்லாம் சிவக்க இருமினார். மறுபடியும் எச்சில். "காலையில எந்திரிச்சதும் வாயக் கொப்புளிச்சுட்டு முயற்சி பண்ணுங்க தம்பி" என்று புது டப்பா கொடுத்து அனுப்பினார். வியாழக்கிழமை வந்தார். எச்சில். வெள்ளிக்கிழமை வந்தார். எச்சிலில் நுரை வேறு.

"என்ன மேடம் இது, பரீட்சைல ஃபெயிலாக்குற மாதிரி ஃபெயிலாக்குறாங்க?" என்று என்னிடம் பொரிந்தார்.

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா துப்புனேன்?" என்றேன் நான்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நான் ஜன்னலைத் திறப்பதற்குள் நின்றார். டப்பாவை நீட்டினார். நான் அதை உள்ளே அனுப்பிய இரண்டாவது நிமிடம் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகமூடிக்கு மேல் கண் இரண்டும் சிரித்தன.

"பாரும்மா, இதுதான் சளி! கெட்டியா, மஞ்சளா, எவ்வளவு அழகா இருக்கு! தம்பி, பாஸ் பண்ணிட்டீங்க!"

சளியைப் பார்த்து அழகு என்று சொல்கிற மனுஷி உலகத்தில் ஒருத்திதான். வேன்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னவோ ஒரு அசடு வழிந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரிசல்ட் வரும்வரை நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருக்கச் சொன்னேன். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நூறு இடம் தேவைப்படவே இல்லை. வைத்த இடமெல்லாம் சிவப்புக் குச்சிகள், கொட்டிக் கவிழ்த்த மாதிரி. மூன்று ப்ளஸ். அதற்கு மேல் எங்கள் கணக்கில் இல்லை. அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கண்ணாடி வழியாக வேன்காரரைப் பார்த்தேன். இருபது குழந்தைகள், திங்கட்கிழமை, வேறு டிரைவர் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. மூன்று நாளாக அவர் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, ஐயோ பாவமே என்று இருந்தது.

சீட்டு டாக்டர் மேஜைக்குப் போன பத்தாவது நிமிடம் போன் அடித்தது. டாக்டர் நல்லவர்தான், ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. எனக்கே கேட்டது.

"எக்ஸ்ரே கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. எடை ஒரு கிலோ குறையல, காய்ச்சல் இல்ல. நீங்க மூணு ப்ளஸ்னு எழுதியிருக்கீங்க. இவ்வளவு கிருமி இருக்கறவர் நெஞ்சு இப்படி இருக்காதே. உங்க பக்கம் எதாவது..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. இருபது வருடமாக ஒரு சீட்டு திரும்பி வராத கை அது! "சார்கிட்ட நல்லாக் கேளுங்கக்கா, எக்ஸ்ரே மாறியிருக்கான்னு கேளுங்க!" என்று நான் குதித்தேன். அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோவப்பட்டா கிருமி கொறையுமா? முதல்ல நம்ம வீட்டத் தேடுவோம். இந்தச் சீட்ட வெச்சுத்தான் அந்தத் தம்பிக்கு மாத்திரை ஆரம்பிப்பாங்க. அவர்கிட்ட இன்னும் சொல்ல வேணாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். குழாய்த் தண்ணீரில் இதே மாதிரி சிவப்பு பிடிக்கிற அப்பாவிக் கிருமிகள் சில சமயம் இருக்குமாம். அதனால் புதிதாக வடித்த தண்ணீர். முன்னால் பார்த்த கண்ணாடியிலிருந்து எதுவும் ஒட்டியிருக்குமோ என்று மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் துடைத்துவிட்டு, புது எண்ணெய்ப் புட்டி. சாயமும் புதிதாக உடைத்த பாட்டில். வேன்காரர் டப்பாவிலிருந்து ஒரு கண்ணாடி, நோயே இல்லை என்று ஏற்கெனவே தெரிந்த இன்னொருவர் டப்பாவிலிருந்து ஒரு கண்ணாடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாயம் போட்டார். அதே டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து மிஷினிலும் ஏற்றினார். மிஷின் கிருமியின் உள்விவரம் வரைக்கும் பார்த்துச் சொல்லும், இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரம் அக்கா டீ குடிக்கவில்லை. நான் இரண்டு குடித்தேன், கோபத்தில் எனக்குத் தொண்டை காயும்.

மற்றவர் கண்ணாடி சுத்தம். வேன்காரர் கண்ணாடியில் அதே கூட்டம். மிஷினும் ஆமாம் என்றது. வழக்கமான மருந்துக்கே கட்டுப்படும் கிருமிதான் என்றும் சொன்னது. டப்பாவில் பெயர், எண், என் கையெழுத்து எல்லாம் சரி. அன்று காலை அவருக்கு முன்னால் வேறு டப்பாவே வரவில்லை.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மூணு நாளா அந்தத் தம்பி என்ன குடுத்தாரு?"

"அதான் சொன்னீங்களே, எச்சில், எச்சில், எச்சில்."

"நெஞ்சுக்குள்ள இவ்வளவு கெட்டிச் சளி இருக்கறவருக்கு மூணு நாளும் வெறும் எச்சில் எப்படிம்மா வரும்?"

நாங்கள் லேபை நோண்டியது போதும், டப்பா வீட்டில் இருந்த நேரத்தைப் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

அக்கா வேன்காரரைப் பின்பக்கம் கூப்பிட்டார். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடினேன், என்னைத் தடுக்க யாரால் முடியும்? அக்கா புது டப்பாவை அவர் கையில் கொடுத்து, "இப்ப என் எதிர்ல ஒரு தடவ குடுங்க தம்பி" என்றார். அவர் இழுத்தார், பிடித்தார், இருமினார். எச்சில்.

"காலையில வந்துச்சுக்கா" என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

"யாருக்கு வந்துச்சு?"

ஆள் முகத்தில் ஈயாடவில்லை. சாவி சுற்றுவது நின்றது.

"கோச்சுக்காதீங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்? மூணு நாளா திருப்பித் திருப்பி அனுப்புனீங்க. தொண்டை கிழிய இருமிட்டேன், ஒண்ணும் வரல. திங்கக்கிழமை வண்டி எடுக்கலன்னா என் வேலை போயிரும். அதான்... என் வீட்டுக்காரியோடத வாங்கிட்டு வந்தேன். அவளுக்குக் காலையில எந்திரிச்சதும் ரெண்டு இருமல் இருமுனாப் போதும், வந்துரும். அவ நல்லாத்தான்க்கா இருக்கா. ஒரு நாள்கூடப் படுத்தவ இல்ல. நல்லா இருக்கறவளோடதுதானே, நல்ல ரிசல்ட் வரும், எனக்கும் வேலை முடியும்னு..."

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினார். மரப் பெஞ்சில் உட்கார்ந்து அவரையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

"தம்பி, அந்தச் சளி முழுக்கக் காசக் கிருமி."

வேன்காரர் முகத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா? வெளிச்சம்! "அப்ப எனக்கு இல்லியா?" என்றார் மனுஷன். சொல்லி வாயை மூடுவதற்குள் மற்றது உள்ளே இறங்கிவிட்டது. முகம் அப்படியே வெளுத்துப்போனது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "சளி வேணும்னா யார்கிட்டப் போகணும்னு தெரிஞ்சிருக்கு. அவங்களை ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் தெரியல, இல்ல?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வேனை நோக்கி ஓடினார். இவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில், ஜன்னல் பக்கமாக, அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இறங்கி நடந்து வந்தபோது பார்த்தேன். "நல்லா இருக்கா" என்று சொன்னாரே, எந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னாரோ! கழுத்தெலும்பு இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. கை வளையலை நழுவாமல் இருக்க மேலே ஏற்றி நூல் சுற்றியிருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கை ஈரம்கூடக் காயவில்லை.

அக்கா அவளையும் பின்பக்கம் கூட்டிப்போனார். அவள் பெயர் எழுதிய டப்பாவைக் கொடுத்து, வழக்கப்படி, "மூச்ச நல்லா உள்ள..." என்று ஆரம்பித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரே இருமல். அடியிலிருந்து, கனமாக, உடம்பையே உலுக்கிக்கொண்டு வந்தது. அக்காவின் கை பாதியில் நின்றுவிட்டது. இருமல் டீச்சர் பாடம் சொல்லிக் கொடுக்காமலே ஒருத்தி இப்படி இருமி இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. டப்பாவை மூடி அவள் நீட்டியபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"எத்தனை நாளாம்மா?"

அவள் கணவரை ஒரு தடவை பார்த்தாள். மூச்சு வாங்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அஞ்சு மாசம் இருக்கும்."

"அஞ்சு மாசமா?" வேன்காரர் குரல் கீச்சென்றது. "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"உங்களுக்கு இருமல்னு... வீடே ரெண்டுபட்டுச்சு. கஷாயம், டாக்டர், எக்ஸ்ரே. அதுல நானும் இருமுறேன்னு... எப்படிச் சொல்றது? ஒரு வீட்ல... எத்தனை பேருதான் இருமுறது?"

சொல்லிவிட்டுச் சிரிக்க முயற்சி செய்தாள். சிரிப்பு இருமலாகத் திரும்பிவிட்டது. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்கு அழுகை வந்தால் கோபம் மாதிரிதான் இருக்கும், யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கே அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளையாகப் புகைந்திருந்தது. அன்றைக்கே மாத்திரையும் ஆரம்பித்தது. டாக்டர் லேபுக்கு நேரில் வந்து, "உங்க கண்ணாடி சரி, என் எக்ஸ்ரேயும் சரி. டப்பாதான் வழி மாறி வந்திருக்கு. போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "இல்ல சார், நீங்க கேட்டதாலதானே தேடுனோம்" என்றார் அக்கா. இந்த நல்ல குணம்தான் எனக்குப் பிடிக்காது. நானாக இருந்தால் ஒரு வாரமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

வேன்காரருக்கு உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து, ஒருவழியாக நெஞ்சிலிருந்து கொஞ்சம் வரவழைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அவருக்கும் அவர்களுடைய சின்னப் பெண்ணுக்கும் நோய் வராமல் இருக்கத் தனி மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுப் பேசினார். வேன் புதன்கிழமையிலிருந்து ஓடியது. அந்த இரண்டு நாள் வேறு ஆள் ஓட்டினார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அக்கா, "நான்தான்மா அந்தத் தம்பியத் துரத்தித் துரத்தித் திருட்டு வேலை செய்ய வெச்சுட்டேன்" என்றார்.

"ஆமா, நீங்கதான்" என்றேன். "நீங்க துரத்தலன்னா அவர் எச்சில்ல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருப்போம். அவரு ஜோரா வண்டி ஓட்டப் போயிருப்பாரு. அந்தப் பொண்ணு பாத்திரம் தேச்சுக்கிட்டே இருமிச் செத்திருக்கும். போதுமா?"

"அது நல்ல நேரம்மா. என் சாமர்த்தியம் எதுவும் இல்ல" என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக என் பதிவேட்டைக் கேட்டார். வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். 'வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள்?' ஏற்கெனவே பதினான்கு கட்டம்! கோடு போட்டுக் கோடு போட்டு என் விரல் வீங்கியது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் போட்டேன். முதல் மாதத்திலேயே அந்தக் கட்டத்திலிருந்து இரண்டு பேர் அகப்பட்டார்கள். இரண்டும் பெண்கள். ஜன்னலுக்கு வேறு யாருக்கோ துணையாக வந்தவர்கள். அதற்குப் பிறகு நான் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்து, வேன்காரர் மனைவி திரும்பவும் சளி கொடுக்க வந்தாள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. கிருமி இன்னும் தெரிந்தால் சிக்கல். அந்த வாரம் முழுக்க அக்கா என்னிடம் இரண்டு தடவை தேதி கேட்டார். அவள் டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நான் ஜன்னலில் இருந்தேன்.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

எதில் ஆரம்பித்தது என்று தெரியாது. "குளிர்காத்துல நிக்காத" என்று அவர் ஏதோ சொல்லியிருப்பார் போலிருக்கிறது. எட்டிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். எதிரே வேன்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இப்ப மட்டும் காத்து படக்கூடாதா? அஞ்சு மாசம் அடுப்பங்கரையில குனிஞ்சு குனிஞ்சு இருமுனேனே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை? நான் இருமுறது காதுல விழுந்துதானே டப்பாவத் தூக்கிட்டு வந்து என்னை எழுப்புனீங்க? ஏம்மா இருமுறேன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களுக்குத் தொண்டை கரகரன்னா ஊருக்கே தெரியணும், எனக்கு நெஞ்சே வெந்தாலும் அது சளி வர்ற குழாய், திறந்து புடிச்சுக்கிட்டுப் போயிடலாம், அப்படித்தானே? சொல்லுங்க, அப்படித்தானே?"

மாடி ஜன்னல்களில் நர்சுகள் கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. போடு, இன்னும் போடு என்று மனதுக்குள் தாளம் போட்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அக்கா தலை நிமிராமல் இடம் இடமாக நகர்த்திக்கொண்டிருந்தார். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்று உதடு அசைந்தது.

நூறு முடித்து எழுந்து வெளியே வந்தவர் முகமூடியைக் கழற்றினார். "ஒண்ணுகூட இல்லம்மா" என்றார். "எழுதிக்கோ. இன்னும் நாலு மாசம் மாத்திரைய விடக்கூடாதுன்னு சேத்து எழுது." நான் எழுதிய அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பின்பக்கம் போனோம். அவள் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்காமல், கன்னம் சிவக்க நின்றுகொண்டிருந்தாள். வேன்காரர் குனிந்த தலையை நிமிர்த்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. இவ்வளவு திட்டு வாங்கிய மனிதருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா கையிலிருந்த சீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அக்கா, கேட்டுக்கிட்டே இருந்தேன்க்கா" என்றார். "முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். அவ ஒரு தடவகூட இருமலக்கா."